பட்டறை மனையும் என் போர் தண்ணீரும்

துவாக்குடியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் உலோகத்துக்கு முலாம் பூசும் ஒரு பட்டறை இருந்தது. மூடிவிட்டார்கள். போகும்போது தொட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தொட்டிக்குள் இருந்த ரசாயனத் தண்ணீரை எங்கே கொட்டினார்கள் என்று எவனும் கேட்கவில்லை. மழை பெய்தால் அந்த மனையில் தண்ணீர் மஞ்சளாகத் தேங்கும். ஆடுகூட வாய் வைக்காது.

சுவருக்கு இந்தப் பக்கம் என் ஆழ்துளைக் கிணறு, போர். அந்தத் தண்ணீரில்தான் அரிசி ஊறவைத்து, ஆட்டி, இட்லி மாவு விற்கிறேன். தெருவில் பாதி வீடுகளுக்கும் மாணவர்கள் சாப்பிடும் மெஸ்ஸுக்கும் என் மாவுதான். போர் தண்ணீரில் நிறம் இல்லை, வாடை இல்லை. அதைச் சொல்லியே வருஷக்கணக்காக என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு அந்த மனையை அரசாங்கம் எடுத்தது. சமுதாயக் கூடமும் பிள்ளைகள் விளையாட இடமும் வரப்போகிறது, அதற்கு முன் மண் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத் தனியாக நிதி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மண் கெட்டிருந்தால் என் தண்ணீர் என்ன ஆகும்? அதைக் கூட்டத்தில் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் ஜேசிபி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். லாரி லாரியாகச் சிவப்புக் கிராவல் மண் கொட்டி மனையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு. தலைவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"ஆபீஸருங்க வர்றாங்கம்மா. அவங்களைக் குப்பைமேட்டுலயா நிக்க வைக்கிறது?"

"மண்ணைப் பாக்க வர்றவங்களுக்கு மண்ணை மூடி வைக்கிறீங்களே!"

"மூடல, லெவல் பண்றோம். நீ போயி மாவை ஆட்டும்மா, உளுந்து பொங்கி வழியப்போவுது."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. மந்திரி வந்தாலும் இதைத்தான் செய்வார், மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார். ஏமாற்றுக்காரராக இருந்தால் இன்னும் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

ஆபீஸரிடம் சொல்லிவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கூடம் வரலைன்னா ஊரே உன்னைத் திட்டும். போரை மூடுன்னா நம்ம பொழப்பு போச்சு. பேசாம இரு" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஒரு இளம் பெண் இன்ஜினியர் துளை போடும் கருவியோடும் ஆட்களோடும் வந்தார். மனைக்குள் கால் வைத்ததும் குனிந்து தரையைப் பார்த்தார்.

"இந்தக் கிராவல் எப்ப போட்டீங்க?"

"இது எப்பவுமே இப்படித்தான் மேடம்" என்றார் தலைவர்.

அந்தப் பெண் எங்கள் எல்லாரையும் பார்த்தார். ஆபீஸர்களுக்கு வாங்கி வந்த பஜ்ஜித் தட்டோடு நின்றவர் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து போட்டது" என்றேன். கத்தியது போல வந்துவிட்டது. "மழைத் தண்ணி என் சுவரோரம்தான் மஞ்சளா தேங்கும். அங்க தோண்டுங்க."

"ஏம்மா, ஊருக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாதா?" என்றார் தலைவர்.

"நாளைக்கு உங்க பேரப்புள்ளதாண்ணே அந்த மண்ணுல உருளும்."

சுவரோரம் துளை போட்டார்கள். கிராவலுக்குக் கீழே பச்சையும் சாம்பலுமாக ஒரு சேறு ஏறி வந்தது. இன்ஜினியர் அதைப் புட்டியில் அடைத்துவிட்டு, சுவருக்கு மேல் எட்டி என் மோட்டாரைப் பார்த்தார்.

"அக்கா, அது குடிக்கிற போரா?"

"மாவு ஆட்டுற போர்."

"அதுலயும் ஒரு பாட்டில் எடுத்துக்கட்டுமாக்கா?"

போய் மோட்டாரைப் போட்டேன். தைரியம் ஒன்றும் இல்லை. மாட்டேன் என்றால் ஏன் மாட்டேன் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பாட்டிலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. "ரிசல்ட் வர்ற வரைக்கும்..." என்று ஆரம்பித்த அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால்தானா தெரியும்?

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வழக்கம்போலத் தூக்குவாளியோடு வந்தாள்.

"மாவு குடுங்கக்கா."

"இன்னைக்கு இல்ல."

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "டிரம் நிறைய பொங்கி நிக்குதே?"

"நிக்குது. விக்கல."

"ஏன், புளிச்சிருச்சா? புளிச்சாலும் பரவால்ல, ஊத்தப்பம் போட்டுக்கறேன்."

"தண்ணி டெஸ்டுக்குப் போயிருக்கு."

அவள் சிரிப்பு நின்றது. தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நேத்து வாங்குன மாவுலதான் காலையில புள்ளைக்கு தோசை ஊத்துனேன்" என்றாள்.

"என் புள்ளைங்களுக்கும் அதான்" என்றேன்.

அன்று அந்த மாவைச் சாக்கடையில் கொட்டினேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. கிரைண்டர் துணி மூடிக் கிடக்கிறது.