பின்கதவு இல்லாத பெட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலணையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. சரவணையில் அண்ணையோடும் மச்சாளோடும் இருந்தேன். அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணைக்குப் புகையிலைத் தோட்டம். யுத்தகாலத்து ஜீப் ஒன்றும் வைத்திருந்தார். அது ஓடிய நாட்களைவிட முற்றத்தில் மூடியைத் திறந்துகொண்டு நின்ற நாட்கள்தான் அதிகம்.

ஒரு புரட்டாசி மாதம் அவர் யாழ்ப்பாணத்தில் நடந்த ஏலம் ஒன்றுக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்தபோது ஜீப்பின் பின்னால் நீலநிறத்தில் ஒரு ட்ரெயிலர் இழுபட்டு வந்தது. இரண்டு சில்லு, ஒரு இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு வளையம். மச்சாள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். குளிக்கிற தொட்டியா வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. ஆமிக்காரனின் சாமான், நூறு வருஷத்துக்கு நிற்கும், தோட்டத்துக்கு எருக்குப்பை ஏற்றத்தான் வாங்கினேன் என்றார்.

அடுத்த நாளே குப்பை ஏற்றினார்கள். ஏற்றும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கும்போதுதான் வில்லங்கம் தெரிந்தது. பெட்டிக்குப் பின்கதவு கிடையாது. நான்கு பக்கமும் ஒரேமாதிரி அடைத்த இரும்பு. வேலைக்கு நின்ற இரண்டு பேரும் உள்ளே ஏறி நின்று, மண்வெட்டியால் அள்ளி அள்ளி விளிம்புக்கு மேலால் எறிந்தார்கள். இதைச் செய்தவன் ஒரு நாளும் குப்பை அள்ளியிருக்கமாட்டான் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அண்ணை அன்றே போய், புளியங்கூடலில் இரும்பு வெட்டி ஒட்டுகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தார். பின்பக்கத்தை வெட்டி, பிணைச்சல் வைத்து, கதவாக்கவேண்டும். அந்த மனிதருக்குக் கையில் வேறு வேலை இருந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

அவர் உடனே வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. மறதியால் ஒருவன் கதவு வைக்காமல் விடுவானா? மற்ற எல்லாவற்றையும் அவ்வளவு யோசித்துச் செய்திருந்தார்கள். முன்னால் மடித்து வைக்கக்கூடிய ஒரு கால் இருந்தது. ஜீப்பிலிருந்து கழற்றி நிறுத்தினால் பெட்டி குப்புற விழாது. கையால் இழுக்கும் பிரேக் ஒன்று இருந்தது. வெளிப்பக்கம் சுற்றிவரக் கயிறு கட்டச் சின்னச் சின்னக் கொளுக்கிகள். மூலைகள் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தன. இப்படி இறுக்கி அடைத்தவன் பெட்டியின் தரையில் மட்டும் இரண்டு ஓட்டை வைத்து, இரண்டுக்கும் திருகு மூடி போட்டிருந்தான். அந்த மூடிகள்தான் என்னை விடவில்லை.

நான் பாடசாலைக்குப் போகும் பஸ்ஸின் சாரதி அல்லைப்பிட்டிக்காரர். யுத்தகாலத்தில் பலாலி விமானத்தளத்தில் லொறி ஓட்டியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள் அவரிடம் விசாரித்தேன். மறுநாள் காலை பஸ்ஸை எங்கள் ஒழுங்கை முகப்பில் நிறுத்திவிட்டு அவர் இறங்கி வந்துவிட்டார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நேராகக் குந்தியிருந்து சில்லைப் பார்த்தார். ஆணிகளை எண்ணினார். பிறகு ஜீப்பின் சில்லில் எண்ணினார். இரண்டிலும் ஐந்து.

“ரீச்சர், இது ஜீப்போடை பிறந்தது” என்றார். “ரெண்டுக்கும் ஒரே சில்லு. ஜீப்பிலை ஒண்டு காத்துப் போனால் இதிலை கழட்டிப் போடலாம். அமெரிக்கன்ரை சாமான்.”

ஏலத்தில் விற்றவர் இது இங்கிலிசுக்காரனுடையது என்று சொல்லியிருந்தார். சாரதி இல்லை என்று தலையை ஆட்டினார். பெயின்றைச் சுரண்டிப் பாருங்கள், முன்பக்கத்தில் ஒரு தகடு இருக்கவேண்டும் என்றார். தரையில் இருந்த மூடிகள் எதற்கு என்று கேட்டேன். உள்ளே கழுவினால் தண்ணீர் வெளியே போக என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவருடைய குரலில் முன்பிருந்த நிச்சயம் இல்லை. பஸ் ஹோர்ன் அடித்தது, யாரோ எட்டி அடித்திருக்கவேண்டும். இரண்டு பேரும் ஓடினோம்.

அந்தச் சனிக்கிழமை மண்ணெண்ணெயும் உடைந்த கண்ணாடித் துண்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீலத்துக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே கடும்பச்சை. பச்சை வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். பக்கவாட்டில் ஒரு வெள்ளை நட்சத்திரத்தின் இரண்டு முனைகள் வெளிப்பட்டன. முன்னால், சாரதி சொன்ன இடத்திலேயே தகடும் இருந்தது. எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. வெறும் பெட்டியின் நிறை ஐந்நூற்றைம்பது இறாத்தல் என்பதை மட்டும் விரலால் தடவி வாசிக்க முடிந்தது. அண்ணை தோட்டத்தால் வந்து பார்த்துவிட்டு, வாங்கின நிறத்தையும் பழுதாக்கிவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை நாள் கணக்கில் பெய்தது. ஒரு விடிகாலை எழும்பிப் பார்த்தால் பெட்டி விளிம்பு முட்ட நிறைந்திருந்தது. குனிந்து அடியைத் தடவினேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்றால் சும்மா விடுவார்களா? பக்கத்து வீட்டுப் பெண்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். இது தண்ணி வண்டிதான் என்று அண்ணை முடிவு கட்டினார். தை மாதத்துக்குப் பிறகு கிணறுகள் உவர்க்கத் தொடங்க, பெட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர்க் கிணற்றில் நிரப்பி வந்து அயலுக்குக் கொடுத்தோம். மூடியைத் திறந்தால் கீழே வைத்த வாளிக்குள் தண்ணீர் விழும். மச்சாளுக்கும் பெட்டியில் ஒரு மதிப்பு வந்தது.

எனக்குத்தான் அந்த முடிவில் திருப்தி இல்லை. மேல்மூடி இல்லாத தண்ணி வண்டி எங்கே இருக்கிறது? ஜீப் ஒரு குலுங்கு குலுங்கினால் அரைவாசி ஒழுங்கையில் கொட்டிவிடும். சாரதியிடம் கேட்டேன். பலாலியில் தண்ணி வண்டிக்கு மூடிய தாங்கியும் வரிசையாகக் குழாய்களும் இருக்கும் என்றார்.

விடை வந்தது பயிற்சிக் கொப்பிகளில். வகுப்பில் மிதத்தல் பற்றிப் படிப்பித்து முடித்து, ஒரு கணக்குக் கொடுத்தேன். ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், ஒன்றரை அடி ஆழம், ஐந்நூற்றைம்பது இறாத்தல் நிறையுள்ள இரும்புப் பெட்டி. கடல் நீரில் தாழாமல் எவ்வளவு பாரம் தாங்கும்? வேறு அளவு எதுவும் நினைவுக்கு வராததால் எங்கள் பெட்டியின் அளவையே எழுதிவிட்டேன். பின்னேரம் வீட்டில் கதிரையில் இருந்து திருத்தினேன். ஆயிரத்து அறுநூறு இறாத்தலுக்கு மேல். சரி. அடுத்த கொப்பியிலும் அதே விடை. சரி. பத்தோ பன்னிரண்டோ கொப்பி தாண்டியபோது பேனை நின்றுவிட்டது. யன்னலால் முற்றத்தைப் பார்த்தேன். தண்ணீரை வெளியே விடாத பெட்டி தண்ணீரை உள்ளேயும் விடாது. கதவு வைத்தால் இடுக்கால் தண்ணீர் வந்துவிடும், அதனால்தான் வைக்கவில்லை. ஜீப் ஆறு கடக்கும்போது பின்னால் இது மிதந்துகொண்டு போகும். மூடிகள், கரையேறிய பிறகு உள்ளே தெறித்ததைத் திறந்துவிட.

தண்ணீர் சில மாதத்துக்குத்தான், குப்பை வருஷம் முழுக்க என்று அண்ணை கதவு எண்ணத்தை விடவில்லை; புளியங்கூடல்காரரும் அந்தக் கிழமைதான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைக் கடலில் விட்டுப் பார்ப்போம் என்றேன். அவர் புகையிலை கட்டிய கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தண்ணிக்குள்ளை தாண்டு போனால்?”

“தாண்டு போனால் நீங்கள் வெட்டலாம்.”

“மிதந்தால்?”

“மிதந்தால் வெட்டக்கூடாது அண்ணை.”

அவர் அடுத்த புகையிலையை எடுத்துக் கட்டினார். பிறகு, “சரி, பாப்பம்” என்றார்.

எங்கள் கரைக்கு முன்னால் இருப்பது பரவைக்கடல். நெடுந்தூரம் போனாலும் நெஞ்சளவுக்கு மேல் தண்ணீர் வராது. ஞாயிற்றுக்கிழமை காலை, வள்ளம் வைத்திருந்த அயலவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணை ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துப் பெட்டியைத் தண்ணீருக்குள் விட்டார். மூடிகள் இரண்டையும் நான் என் கையாலேயே இறுக்கினேன். வளையத்தில் கயிற்றைக் கட்டி வள்ளக்காரர் இழுக்க, நானும் அண்ணையும் பின்னால் தள்ளினோம். சேலை தொடை வரை நனைந்துவிட்டது. சில்லுகள் மணலில் உருண்டுகொண்டே போயின. திடீரென்று என் கைகளுக்குப் பாரமே இல்லாமல் போயிற்று. பெட்டி முன்பக்கம் சற்றே தாழ்ந்து, ஒருமுறை சரிந்து நிமிர்ந்து, மிதந்தது.

அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறி, நடுவில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். வள்ளக்காரர் கோல் ஊன்றி ஊன்றி அவரை இழுத்துப் போனார். கரையில் நின்ற மச்சாள் சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது.

அண்ணை அதோடு விட்டிருந்தால் விளையாட்டாகப் போயிருக்கும். ஆனால் அவர் தோட்டக்காரர். எங்கள் கரைக்கு எதிரே ஆள் இல்லாத ஒரு சிறு திட்டு இருந்தது. அதைச் சுற்றிக் கடற்புல் குவியல் குவியலாய் ஒதுங்கிக் கிடக்கும். நாங்கள் அதைச் சாதாளை என்போம். புகையிலைக்கு அதைப்போல உரம் இல்லை. வள்ளம் திட்டுக்குக் கிட்டப் போகாது, அடி தட்டும். கடகத்தில் சுமந்து தண்ணீருக்குள் நடந்து வள்ளத்தில் ஏற்றி, இங்கே மறுபடி சுமந்து வண்டிலில் ஏற்றவேண்டும். பெட்டி என்றால் அங்கே சில்லில் உருட்டிக் கரையேற்றி நிரப்பலாம், மிதக்கவிட்டுக் கொண்டுவரலாம், இங்கே ஜீப்பில் கொளுவி நேரே தோட்டத்துக்கு. அண்ணை இதை எனக்கு விளங்கப்படுத்தினார். கணக்குப் போட்டவள் நான். எனக்கு அது தோன்றவில்லை.

எவ்வளவு ஏற்றலாம் என்று என்னிடம்தான் கேட்டார். வீட்டில் கிடந்த சாதாளையில் ஒரு கடகம் நிறுத்து, விளிம்பு வரை ஏற்றலாம் என்று சொன்னேன். வள்ளத்தில் நானும் போனேன். வரும் வழியில் பாதியில் காற்று எழும்பியது. சிறிய அலைகள்தான். ஆனால் பெட்டியின் விளிம்பு தண்ணீருக்கு நாலு விரல் மேலேதான் நின்றது. ஒரு அலை உள்ளே போனது. பின்னால் இன்னொன்று. பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, சத்தமில்லாமல், பெட்டி கீழே போய்விட்டது. சாதாளை மட்டும் ஒரு பாய்போல மேலே பரந்து மிதந்தது.

வீட்டில் நான் நிறுத்தது காய்ந்த சாதாளை. திட்டில் ஏற்றியது ஈரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னுடைய பிழை என்றேன்.

அண்ணை வள்ளத்தால் குதித்தார். தண்ணீர் அவருக்கு நெஞ்சளவு. காலால் துழாவிப் பெட்டியைக் கண்டுபிடித்து அதன் விளிம்பில் ஏறி நின்றார். இப்போது முழங்காலளவு.

“உன்ரை கணக்கிலை காத்து அடிக்கேல்லையோ?” என்று கேட்டார்.

முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

சில்லு இருந்ததால் தப்பினோம். கயிறு கட்டி, நாலு பேரைக் கூப்பிட்டு, கடலடியால் உருட்டி உருட்டிக் கரைக்கு இழுத்தோம். மூடிகளைத் திறந்துவிட, தண்ணீர் தானாக ஓடியது. அன்றிலிருந்து அரைப்பெட்டிதான். புளியங்கூடல்காரர் வந்தபோது அவருக்குச் சாப்பாடு போட்டு, ஜீப்பின் சைலன்சரை ஒட்டச்சொல்லி அனுப்பிவைத்தோம்.

ஏழெட்டு வருஷம் அப்படிச் சாதாளை வந்தது. உப்புத்தண்ணீர் இரும்பைச் சும்மா விடாது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும் என்று சொல்லுவேன். குடிக்கவே அளந்து பாவிக்கிற ஊரில் யார் இரும்பைக் கழுவப் போகிறார்கள்? எழுபதுகளில் தரை அரிக்கத் தொடங்கியது. தகரம் வைத்து ஒட்டினார்கள். பிறகு ஒட்டவும் இடமில்லை. அண்ணை உழவு இயந்திரம் ஒன்றும் அதற்கேற்ற பெரிய பெட்டியும் எடுத்தார். பழையதை ஊர்காவற்றுறையிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். தரைக்குப் பலகை அடித்துச் சுண்ணாம்புக் கல் ஏற்றலாம் என்பது அவருடைய எண்ணம்.

அவர் பெட்டியைச் சுற்றி வந்து, இதென்ன மாதிரியான சாமான், யார் செய்தது என்று அண்ணையிடம் கேட்டார். நான் குசினிக்குள் மச்சாளோடு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணை சில்லிலிருந்து தொடங்கினார். ஐந்து ஆணி, ஜீப்போடு பிறந்தது, அமெரிக்கனுடையது. பெயின்றுக்குக் கீழே நட்சத்திரம் இருந்த இடம், தகட்டில் என்ன எழுதியிருந்தது, கதவு ஏன் வைக்கவில்லை, எத்தனை இறாத்தல் தாங்கும், அதிலும் காற்றுக்கு எவ்வளவு கழிக்கவேண்டும். வந்தவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரைமணித்தியாலம் போயிருக்கும்.

மச்சாள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழும்பிக் கையைக் கழுவி, வந்தவருக்குத் தேத்தண்ணி போட்டேன்.