ஜப்பான் பாட்டுக்காரியும் அம்மாவின் தலைமுடியும்

எனக்குப் பிடித்த நடிகை யார் என்று கேட்டால் சட்டென்று நினைவுக்கு வருவது ஒரு ஜப்பான்காரியின் முகம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும், அதனால் யாராவது ஒரு தமிழ் நடிகையின் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அம்மாவின் தம்பி சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை குமாரபாளையத்துக்கு வந்து போவார். ஒருமுறை டேப் ரெக்கார்டரும் அந்தப் பெண்ணின் கேசட்டும் கொண்டுவந்தார். அவள் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை, 'ஜப்பான் புள்ள' என்போம். வீட்டின் முன்கட்டில் அப்பாவின் விசைத்தறிகள் ஓடும். தறி நின்றால்தான் பாட்டு காதில் விழும், கரண்ட் போனால்தான் தறி நிற்கும். அப்பாவை நச்சரித்து பேட்டரி வாங்கினேன். அவருக்குத் தறி நிற்பது வயிற்றெரிச்சல், எனக்கோ திருவிழா.

முதல் கேசட் அட்டையில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். பாட்டுப் போட்டியில் ஜெயித்து வந்தவளாம். அடுத்த வருடம் மாமன் கொண்டுவந்த பத்திரிகையில் சினிமாவில் நடித்திருந்தாள், படகுக்காரன் மகளாக. எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், எவனையும் காதலிக்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் அவளுக்குச் சட்டம் போட்டிருப்பதாக மாமன் சொன்னார். அதற்கடுத்த வருடப் படத்தில் இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். பாட்டுக்காரப் பொம்மை என்ற பேர் போய் நடிகை ஆக வேண்டும் என்று வெட்டினாளாம். அந்த ஊர்ப் பெண்களெல்லாம் அப்படியே வெட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்றார். கல்யாணம் கட்டி, சில காலம் ஒதுங்கி, அம்மா வேடங்களில் திரும்பி வந்தாள் என்பது வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டது.

எனக்கு அந்தக் கழுத்தளவு முடிதான் தலைக்கேறிவிட்டது. மோகனூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் மெட்ராஸில் படித்தவன். அவன் கண்ணுக்கு நான் தறிக்காரர் வீட்டுப் பட்டிக்காடாகத் தெரியக் கூடாது. ஒரு மத்தியானம் நூல் வெட்டும் கத்தரியை எடுத்து, பத்திரிகையைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து, சடையை வெட்டினேன். படத்திலிருப்பவளைப் போல வரவில்லை, எலி கடித்த மாதிரி வந்தது.

அம்மா பார்த்த நேரத்திலேயே வரன் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவும் உள்ளே வந்துவிட்டார். அவர் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டு, "பழனிக்கு நேந்திருந்தோமுங்க. புள்ள அவசரப்பட்டு ஊட்டுலயே வெட்டிப்போடுச்சு" என்றாள். அக்கா நம்பினாரோ இல்லையோ, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன், அம்மாவுக்கு அது முடியவில்லை. சாமி பேரைச் சொல்லியாகிவிட்டது, சொன்னதைக் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் என் கல்யாண வாழ்க்கையில்தான் வந்து விடியும் என்று புலம்பினாள். மொட்டையடித்துக்கொள்ள மாட்டேன் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா என்னிடம் எதுவும் சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவோடு பஸ் ஏறினாள். மறுநாள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து இறங்கினாள். நாற்பது வயதில் ஒரு நரைகூட இல்லாத முடி அவளுக்கு. கட்டினால் கொண்டை ஒரு கைக்குள் அடங்காது.

எனக்கு வர வேண்டியது அழுகை. வந்தது எரிச்சல். மாப்பிள்ளை வீட்டார் வர நான்கு நாள்தான் இருந்தது. மெட்ராஸ்காரன் முன்னால் மொட்டைத் தலையோடு ஓர் அம்மாவா என்று மனம் கூசியது. அவள் தலை துவட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை அவள் பார்த்திருக்கிறாள்.

அவர்கள் வந்த அன்று காலை, முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா அப்பாவிடம், "நான் அடுப்படியிலயே இருந்துக்கறனுங்க. கேட்டா, எங்க அப்பா ஊட்டுக்குப் போயிருக்கறதாச் சொல்லிருங்க" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். எனக்குள் பாரம் இறங்கியதுபோல இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு குறுகுகிறது.

அன்றைக்குத் தறிகளை நிறுத்தியிருந்ததால் பேசியதெல்லாம் அடுப்படிக்குக் கேட்டிருக்கும். அம்மா எங்கே என்று சம்பந்தியம்மா கேட்டார், அவள் சொல்லிக்கொடுத்ததை அப்பா சொன்னார். அம்மா ஊற்றிவைத்த காபியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். காபி பிரமாதம், பெண் போட்டதா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றேன். என் கட்டை முடியை அந்தப் பையன் ஏறிட்டும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

கார் கிளம்பிய பிறகு அடுப்படிக்குப் போனேன். அம்மா சன்னல் பக்கம் நின்றிருந்தாள். முந்தானை நழுவியிருந்தது, அதை இழுத்துவிடவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்கிருந்து முதுகுதான் தெரிஞ்சுது சாமி. மூஞ்சி எப்படி இருக்குது பையனுக்கு?"