அனுமதி வராத ஆட்டம்

ராமசாமி அண்ணன் போய்விட்டார் என்று வேலம்பாளையத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது, நான் ஒரு கல்யாண வீட்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன். ஒரே சர்க்கஸில் அவர் மேனேஜர், நான் பாண்டு வாத்தியக்காரன். அங்கே அவரோடு உண்டு உறங்கியவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறீர்கள். உங்களுக்காகவே எழுதுகிறேன்.

திருப்பூர் முகாமை யார் மறப்பீர்கள்? ஹங்கேரிக்காரி மக்தா ஊஞ்சலிலிருந்து பறப்பாள். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவளைப் பிடிக்க வேண்டியவன் கணவன் யானோஸ். அவளுக்கு வேலை விசா இருந்தது. அவன் சுற்றுலா விசாவில் வந்தவன். டெல்லியிலிருந்து அனுமதி வரும்வரை அவன் மேலே ஏறக்கூடாது, ஏறினால் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவோம் என்று கோயமுத்தூர் அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று ஞாயிறு. பனியன் கம்பெனி ஜனம் கூடாரத்தை நிறைத்திருந்தது.

"வேற ஆள் புடிக்கட்டும்" என்றார் முதலாளி. அண்ணன் மக்தாவிடம் கேட்டார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

ஊஞ்சலை விட்டதும் பழக்கத்தில் "யானோஸ்!" என்று கூப்பிட்டாள். எதிரே நீட்டிய கைகள் வேறொருவனுடையவை. பிடி தவறியது. வலையின் விளிம்பில் மோதித் தரையில் விழுந்தாள். கீழே அண்ணன் பக்கத்தில் நின்ற யானோஸ், நீட்டிய கைகளை மடக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்காமலே போனாள். விசா முடிந்து அவன் தனியே ஊர் திரும்பினான்.

அதற்குப் பிறகு, சந்தையில் யாராவது யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அண்ணன் திடுக்கிட்டு மேலே பார்ப்பார். ஒருமுறை சொன்னார்: "அவ கூப்புட்டதுக்கு யாருமே ஏனுங்கன்னு கேக்கலீங்களே, தம்பி."

பின்னர் தாராபுரம் முகாம். கயிற்றில் நடக்கும் வெளிநாட்டுச் சகோதரர்கள் இருவரில் இளையவனுக்கு அனுமதி வரவில்லை. மூத்தவன் தோளில் உள்ளூர் ஆளை ஏற்றச் சொன்னார் முதலாளி. அண்ணன் நேரே கூடார நடுவில் போய் நின்று கைகூப்பினார்.

"இன்னைக்கு அந்த ஆட்டம் இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கூட்டம் கூச்சலிட்டது. ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணில் இறங்கியும் கூப்பிய கையை அவர் எடுக்கவில்லை. முதலாளி அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். மிச்ச வாழ்நாள் பனியன் கம்பெனியில் கழிந்தது.

எத்தனையோ பேருக்கு வரவே வராத ஒரு சொல்லை, குரல் உயராமல், ரத்தம் வழிய அவர் சொல்லக் கேட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்: "இல்லீங்க."