ராஜாமணியின் வயலில் நட்ட கல்

ராஜாமணிக்குக் கோபம் வந்தால் கடத்தூர்ச் சந்தையே ஒதுங்கி வழிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஆனால் ஊர் ஓடையின் குறுக்கே கட்டப்போவதாகச் சொன்ன அணையின் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததில்லை. ஓடையில் வெள்ளம் வந்த வருஷம் மரவள்ளிக் காடு முழுக்கச் சேறாகிவிடும். வராத வருஷம் தென்னை தலை தொங்கிப்போகும். அணை வந்தால் இந்த இரண்டு சனியனும் ஒழியும் என்று அவளும் நம்பினாள். அவள் கணவன் பச்சியப்பன் இன்னும் ஒரு படி மேல். அணைக்காக நிலம் அளக்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்தான். வயலின் நடுவில் அவர்கள் எல்லைக்கல் நட்டபோது தானே கடப்பாரை பிடித்தான்.

"நம்ம காடு முழுகினா முழுகுது. கீழ இருக்கற ஊருங்களுக்குத் தண்ணி பாயட்டும்" என்றான்.

அந்த மனுஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோதும் அணை காகிதத்தில்தான் இருந்தது. அவர்கள் குடும்பத்தில் செத்தவர்களைச் சொந்தக் காட்டில் புதைத்து, பொங்கலுக்குப் பொங்கல் இலை போட்டுப் படைப்பது வழக்கம். மாமனாரும் மாமியாரும் அங்கேதான் கிடக்கிறார்கள். ஆனால் முழுகப் போகிற மண்ணில் புருஷனைத் தெரிந்தே எப்படி வைப்பது? கொழுந்தன் வீரமணி அணை ஆபீசுக்குப் போன் போட்டான். பிணத்தை வாசலில் கிடத்திவிட்டு ஆபீசைக் கேட்ட ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். "மேட்டுல வெச்சுடுங்க, அங்க எந்தக் காலத்துலயும் தண்ணி ஏறாது" என்று பதில் வந்தது. ஊருக்குத் தெற்கே, புறம்போக்குச் செம்மண் மேட்டில், அநாதையைப் போல அவனை அடக்கம் செய்தார்கள். வருஷா வருஷம் அவள் இலையைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் ஏறினாள்.

இந்த ஆடியில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். புது என்ஜினியர் திரையில் வரைபடம் காட்டினார். அணை ஓடையின் மேல்பக்கம் தள்ளிப் போகிறது, உங்கள் நிலம் எதுவும் முழுகாது என்றார். சனம் கை தட்டியது. பிறகு தெற்கு மேட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வந்தது. அணைக்கரைக்கு வேண்டிய மண்ணை அங்கேதான் வெட்டப் போகிறார்களாம்.

ராஜாமணி எழுந்தாள். "சார், அங்க எங்க வூட்டுக்காரர் இருக்காருங்க."

"அங்க வூடே கிடையாதேம்மா?"

"பொதைச்சிருக்கோம். உங்க ஆபீஸ்ல சொல்லித்தான் அங்க கொண்டுபோனோம்."

"அது பழைய பிளான்மா. பொக்லைன் வர்றதுக்குள்ள எடுத்துக்கிட்டா நல்லது."

"உங்களுக்கு அது பிளான். எனக்குப் புருஷன் சார்!" என்று கத்தினாள். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நிலத்தைக் கொடு என்றார்கள், சரி என்றான் புருஷன். மேட்டில் வை என்றார்கள், வைத்தாள். இத்தனை வருஷம் இவர்கள் பேச்சைக் கேட்டதுதான் தான் செய்த தப்பு என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வீரமணியும் அவள் மகள் கலைமதியும் கூட வர, மேட்டைத் தோண்டினார்கள். மிச்சமிருந்த எலும்புகளை ராஜாமணி தன் கையாலேயே பொறுக்கிப் புதுப்பானையில் வைத்தாள். அப்போதுதான் அழுதாள். காட்டுக்கு வந்ததும் வீரமணி தன் அப்பாவின் சமாதிப் பக்கம் கடப்பாரையோடு போனான்.

"அங்க வாணாம். இந்தக் கல்லைப் பேத்துட்டு அந்தக் குழியிலயே வை."

"கவர்மெண்டு கல்லு அண்ணி. கேஸு போட்டுடுவாங்க."

"போடட்டும். நான் பாத்துக்கறேன்."

குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தியதும் பானை இறங்கியது. மண்ணைத் தள்ளி, அதே கல்லைத் தலைமாட்டில் நட்டு, மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றினாள்.

அடுத்த வாரம், பழைய கற்களைப் பிடுங்கிப்போக டிராக்டரோடு சர்வேயர் வந்தார். "இது எங்க கல்லும்மா. எடம் மாத்தி நட யாரு சொன்னது உங்களுக்கு?" என்று அதட்டினார்.

ராஜாமணி களைக்கொத்தைக் கீழே போடவில்லை. "மொதல்ல கடப்பாரை புடிச்சு இதை உங்களுக்கு நட்டுக் குடுத்தவரு இதுக்குக் கீழதான் படுத்திருக்காரு. அவரைக் கேட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போ."