இரண்டு இடத்தில் குதித்த முள்

எண்பதுகளின் ஆரம்பம். ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஹப்சிகுடாவில் ஒற்றை அறை. தெலுங்கு தெரியாது. சில நாட்கள் பஸ்ஸில் டிக்கெட் கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

சட்டைப் பட்டனைவிடச் சின்ன குவார்ட்ஸ் படிகங்களை மின்சாரம் கொடுத்து அதிரவைத்து, எந்த அதிர்வெண்ணில் அதிகம் ஆடுகின்றன என்று குறிப்பதுதான் வேலை. லேசாக ஆட்டினால், வெப்பத்தால் எழும் மின் இரைச்சலில் அளவு மூழ்கிவிடும். பொறுமையாகப் பலமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். நான் அவசரப்பட்டு வோல்டேஜைக் கூட்டினேன். மீட்டர் முள் சட்டென்று குதித்தது. எல்லாப் படிகமும் அப்படியே. ‘தாங்கியில் சரியாக ஒட்டப்படவில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

படிகங்களை ஒட்டியது தற்காலிக வேலையில் இருந்த ஒரு தெலுங்குப் பெண். என் மேஜைக்கே வந்து, “சரிக்கா பெட்டானு சார்” என்றார். ‘சரியாகத்தான் வைத்தேன்’ என்பது புரியாமல் இல்லை. புரியாதவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அறைக்குப் போய்ச் சுவரைப் பார்ப்பதைவிட இங்கேயே இருக்கலாமென்று மறுபடி அளந்தேன். அதிர்வெண்ணை ஏற்றும்போது முள் ஓரிடத்தில் குதித்தது, இறக்கும்போது வேறிடத்தில். எத்தனை தடவை செய்தாலும் அதே இரண்டு இடம். ஒட்டு விட்டிருந்தால் இப்படி ஒழுங்காகக் குதிக்காது. வோல்டேஜைக் குறைத்தேன். குதிப்பே இல்லை. அளவுக்கு மீறி ஆட்டினால் நல்ல படிகமும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. என் வேலையும் நிரந்தரமாகியிருக்கவில்லை. ஞாயிறு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கள் காலை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். “எழுதிக் கொடு” என்றார். கொடுத்தேன். எனக்கு நிரந்தர உத்தரவு தள்ளிப்போனது. அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்த அன்று, கேண்டீனில் கேட்டு மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன்: “தப்பு நாதி.” தப்பு என்னுடையது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தெலுசு சார்” என்றார். தெரியும் என்று அர்த்தம். அவ்வளவுதான், வேலையைப் பார்க்கக் குனிந்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பின்னாளில் தெலுங்கு நன்றாகவே பழகிவிட்டது. ஆனாலும் ‘தெலுசு சார்’ என்ற அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.