மோட்டார் போடாத மதியம்

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் சட்டை போட மாட்டார். பத்திரிகை கொடுக்க யாராவது வந்தால்கூடத் துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொள்வதோடு சரி. அப்படிப்பட்டவர் ஒருநாள் மதியம் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, போனோடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும். கதவில் காதை வைத்தேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்று பம்மிக்கொண்டிருந்தார். காமயகவுண்டன்பட்டியில் இவர் வாயால் "சார்" வாங்கிய ஆள் கிடையாது. திராட்சை எடுக்க வரும் வியாபாரியை வரப்பிலேயே நிறுத்திச் சண்டை போடுகிறவர். முதலில் எனக்கு வேறு சந்தேகம்தான் வந்தது, மறைப்பானேன். இந்த வயதில் வெள்ளைச் சட்டையும் சாத்திய கதவும் எதற்கு? ஆனால் பொம்பளையை யாரும் சார் என்று கூப்பிட மாட்டார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டு சோறு வடிக்கப் போனேன்.

எங்கள் வீடு தோட்டத்து ஓரத்திலேயே இருக்கிறது. மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான்; அது வந்தால் மோட்டார் ரூமில் சிவப்பு விளக்கு எரியும், அடுப்படியிலிருந்தே தெரியும். அந்த விளக்கைப் பார்த்தால் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுகிற மனுசன். அன்றைக்கு விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. "கரண்ட் வந்துருச்சுங்க" என்று கத்தினேன். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடினேன்.

கதவைத் தள்ளினேன். மேசையில் நிறுத்தியிருந்த போனில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன், பின்னால் தேசியக் கொடி. அவன் அதட்டியதையும் இவர் கிசுகிசுத்ததையும் சேர்த்துப் புரிந்துகொண்டேன். இவர் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதை மருந்து இருந்ததாம். அதிகாரி முன்னால் சட்டையோடு உட்கார வேண்டுமாம், கேமராவை விட்டு நகரக் கூடாதாம், இதுவே கைதாம். வங்கியில் உள்ளதை அவன் சொல்லும் கணக்குக்கு அனுப்பினால், சோதித்துவிட்டுச் சாயங்காலமே திருப்பித் தருவானாம். அது சாய்ந்து கிடக்கும் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் வாங்க வைத்திருந்த பணம். அது போனால் கொடி தரையில்தான்.

நான் போன் முன்னால் போய் நின்றேன்.

"சார், இவுக மோட்டாரப் போட்டுட்டு வந்துருவாக. அதுவரைக்கும் நான் ஒக்காந்திருக்கேன். என்னையக் கேளுங்க."

"யார் நீங்க? வீட்ல யாருமே இல்லைன்னார். இது ரகசிய விசாரணை. வெளியே போங்க."

தமிழ்தான். ஆனால் குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாள இழுவையும் இல்லை, எங்கள் பேச்சும் இல்லை. எந்த ஊர்க்காரனாக இருப்பான் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓர் அரிப்பு.

"பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாத கேசு என்ன சார் கேசு? எந்த ஸ்டேஷன்னு சொல்லுங்க, நாங்களே அங்கன வர்றோம்."

"உங்களையும் அரெஸ்ட் பண்ணுவேன்!"

"பண்ணுங்க. கம்பத்துல டவுன் பஸ் ஏறுனா இங்கன வந்து எறங்கலாம்."

திரை இருண்டது. இவர் மோட்டாருக்கு ஓடினார். நான் சைபர் புகார் எண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவேளை, பணம் இன்னும் போகவில்லை.

ஆனாலும் ஒன்று விளங்கவில்லை. தோட்டத்துக்குப் போய்க் கேட்டேன்.

"ஊரையே அதட்டுறவுக, அவனுக்கு மட்டும் எப்படிங்க அடங்குனீக?"

மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிட்டுச் சொன்னார்.

"வாசல்ல போலீஸ் ஜீப்பு வந்து நின்னா நீ எப்படித்தா வெளிய தல காட்டுவ? வீட்ல யாரு இருக்காகன்னுதான் அவன் மொதல்லயே கேட்டான். ஒன்னைய எதுக்கு இதுல இழுக்கணும்னு, யாருமில்லன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆளைத் தனியாக்கத்தானே அவன் அதைக் கேட்டதே. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆளை இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறாகியிருந்தது. "இனிமே எவன் கேட்டாலும், நான் வீட்லதான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றேன்.