மண்ணுக்கு முதல் பழம்

என் மருமகளைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. அவள் கனடாவின் புல்வெளிப் பக்கத்துப் பிளாக்ஃபுட் பழங்குடிப் பெண். நாங்கள் குடியேறிய இந்தத் தென்கோடித் தீவு நாட்டின் ஆல்பனிக்குப் படிக்க வந்த இடத்தில் என் மகனைக் கட்டிக்கொண்டாள். இப்போது தகனினியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள்.

பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள் வந்தது. எங்களுக்குத் தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவு, சாம்பிராணிப் புகை, பெயர் வைப்பு. அன்றைக்கே தன் ஆட்களின் வழக்கப்படி பழக்கூழ் காய்ச்சி எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று மருமகள் ஆசைப்பட்டாள். எங்களுக்குப் பொங்கல் மாதிரி அவர்களுக்கு அது. சாஸ்கட்டூன் பெரி என்று நாவல் நிறத்தில் ஒரு சின்னக் காட்டுப்பழம். கோடையில் பறித்துக் காயவைத்து வருடம் முழுக்க வைத்திருப்பார்களாம்.

சம்பந்தியம்மா நடக்க முடியாதவர். தான் வர முடியாததால் ஒரு பொதி அனுப்பியிருந்தார்: காய்ந்த பழமும், புகை காட்டப் பின்னல் போலப் பின்னிய வாசனைப் புல்லும். இந்த நாட்டுக்குள் இலை தழை கொண்டுவருவது லேசான காரியமா? முன்பு ஊரிலிருந்து வந்த என் முருங்கை விதை போன வழியே அதுவும் சுங்கத்துக் குப்பைக்குப் போயிற்று. மருமகள் அழவில்லை. தொட்டிலைப் பார்த்தபடி, “இவளுக்கு என் பக்கத்து ஆட்கள் இங்கே ஒருவரும் இல்லை, மாமி,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மாமி மட்டும் தமிழ்.

கூழ் நடந்தே தீரும் என்று நான் சொல்லிவிட்டேன். கடையில் உறைந்த புளூபெரி வாங்கினோம். அவர்கள் கூழை இறைச்சி அவித்த நீரில் காய்ச்சுவார்கள். அன்று எங்கள் வீடு சைவம் என்று அவளே இறைச்சியை விட்டுவிட்டாள். நான் கேட்கவேயில்லை.

ஐயர் போனதும் கப்புகளில் ஊற்றிக் கொடுத்தோம். மருமகள் எழுந்து, யாரும் இன்னும் குடிக்க வேண்டாம், ஒரு பழத்தை உயர்த்திப் பிடித்துப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு, அதை மண்ணில் வைத்துவிட்டு வந்து குடியுங்கள் என்றாள். அதற்குள் என் மச்சாள், என் கணவரின் அக்கா, முக்கால் கப்பை முடித்துவிட்டார். வாயெல்லாம் ஊதா. அந்த வாயாலேயே கேட்டார்:

“இதென்ன கூத்து? சாப்பாட்டைக் கொண்டுபோய் மண்ணுக்கை போடுறதோ? காட்டுச் சனத்தின்ரை பழக்கமெல்லாம் எங்கடை வீட்டிலை ஏன்?”

மருமகளுக்குத் தமிழ் விளங்காது. குரல் விளங்கும். முகம் செத்துப்போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் சபை, சந்தி ஒன்றும் தெரியவில்லை.

“மச்சாள், போதும் நிப்பாட்டுங்கோ! சனி விரதத்துக்குக் காகத்துக்கு வைக்காமல் நீங்கள் ஒரு வாய் சாப்பிடுவியளோ? இந்த ஊரிலை காகம் எங்கை கிடக்கு? மைனா வந்து தின்னுது, அதையும் கும்பிட்டுப்போட்டுத்தானே வாறியள்? இவள் மண்ணுக்குக் குடுக்கிறாள். எங்களிலை ஆர் காடு, ஆர் நாடு?”

“மைனாக் கதை உண்மைதான்,” என்று மூலையிலிருந்து மச்சாளின் கணவரே சிரித்தார். மச்சாள் கப்புக்குள் பார்த்தார். பிறகு விரலை விட்டு அடியில் கிடந்த ஒரு பழத்தைத் தோண்டி எடுத்தார்.

“எங்கை வைக்கிறதெண்டு கெதியாச் சொல்லச் சொல்லு. சாறு சீலையிலை வடியப் போகுது.”

எல்லாரும் பின்வளவுக்குப் போனோம். வேலியோரம் பட்டுச் சேலையும் வேட்டியுமாகக் குனிந்து மண்ணைக் கிளறினோம். பேத்தியின் பழத்தை அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானே வைத்தேன். இருந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன், அவர்களுடையதையும் சேர்த்து.

அப்போது சம்பந்தியம்மா வீடியோவில் வந்தார். பழம் இல்லை, புல் இல்லை என்று அவருக்கும் தெரியும். அவர் கேட்டது வேறு: “பிள்ளைக்காக யார் வேண்டிக்கொண்டது? அங்கே நம் ஆட்கள் ஒருவரும் இல்லையே.”

“இருக்கிறார்கள், அம்மா,” என்று மருமகள் போனை எங்கள் பக்கம் திருப்பினாள்.

மச்சாள் ஊதா வாயோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் மண் அப்பிய கையை உயர்த்திக் காட்டினேன்.